மூன்றாவது சுற்றுக்கு டிக் இல்லை

மகனே,

உன் கல்யாணத்தன்று காலையில் நான் காரின் குறுக்கே வந்தேன் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் உன் மாமனார் வீட்டிலும், கிள்ளானில் உன் பெரிய அத்தை போய் உட்காரும் எல்லா வீடுகளிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் குறுக்கே வரவில்லை. எதிரே வந்தேன். குறுக்கே வருகிறவர் வண்டியைப் பார்க்காமல் தன் வேலையாகப் போகிறவர். நான் வண்டியைப் பார்த்து, ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்து, ஒரு பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு நேராக வந்தேன். அந்தப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பது மூன்று பேருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் லிம்முக்குத் தெரியும். உனக்குத் தெரியும். பதினொரு மாதமாக மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். நான் இன்று திறக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நான்கு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று உன் மனைவிக்கு, ஒன்று உன் மாமனாருக்கு, ஒன்று உன் பெரிய அத்தைக்கு. பேச்சு எல்லார் வீட்டுக் கூடத்திலும் நடந்தது. பதில் மட்டும் ஏன் உறைக்குள் ஒளிந்துகொண்டு உன்னிடம் வர வேண்டும்? கர்ப்பமாக இருக்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு கடிதமா என்று நீ கேட்பாய். அவள் படித்த பெண். புருஷன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்வதால் யாருக்கும் உடம்பு கெட்டதில்லை. தெரியாமல் இருப்பதால்தான் கெடும்.

ஏன் இப்போது என்றும் கேட்பாய். போன வாரம் உன் அத்தை போன் செய்தார். உன் மனைவிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்திருக்கிறார்களாம். சந்தோஷம் என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "நீ ஒரு பதினொரு மணிக்கு மேல வாயேன். வளையல் எல்லாம் போட்டு முடிஞ்சிரும். சாப்பாட்டுக்குச் சரியா இருக்கும் லா" என்றார். போனை வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் நீ போன் செய்தாய். "அம்மா, அத்தை சொல்றபடி செஞ்சிடுங்கமா. போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு பயப்படுறாங்க." போன தடவை மாதிரி. அத்தை அப்படிச் சொன்னால் அது அறியாமை. நீ அப்படிச் சொல்கிறாயே, அதற்கு என்ன பெயர்? போன தடவை என்ன ஆயிற்று என்று உன் கைக்குத் தெரியும். பத்து போல்ட்டுக்கும் தெரியும்.

மற்ற மூன்று பிரதிகளைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். அந்தக் கார் உன் அப்பா பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது வாங்கியது. கேரி தீவுத் தோட்டத்தின் வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்துக் கட்ட ஒரு கான்வாஸ். நான்கு பேர் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டு இருக்கை கார் வாங்கி வந்த மனிதரோடு நான் மூன்று நாள் பேசவில்லை. சேலை கட்டியவள் அதில் ஏறுவதும் தரையில் உட்காருவதும் ஒன்றுதான். உன் அக்காவும் நீயும் முறை போட்டுக்கொண்டு அப்பாவோடு ஒரு சுற்று போய்வருவீர்கள். நான் அதில் ஏறியது மொத்தம் ஐந்தாறு தடவை இருக்கும். எனக்கு அந்தக் காரைப் பிடிக்காது. இன்றும் பிடிக்காது. இதையும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் செத்த புருஷன் நினைவில் காரைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் என்று ஒரு கதையும் ஓடுகிறது. அவர் காரில் சாகவில்லை. ஆபீசில், தான் வரைந்துகொண்டிருந்த ஒரு சிறு பாலத்தின் வரைபடத்தின் மேல் தலை சாய்த்தபடி போய்விட்டார். உனக்குப் பதினேழு வயது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து கிள்ளானில் இந்த டெரஸ் வீட்டுக்கு வந்தோம். கார் லோரியில் வந்தது. விற்றுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். ஓடாத காரை ஓடுகிறது என்று சொல்லி விற்க எனக்கு வராது. ஓடாது என்று சொன்னால் வாங்க ஆள் இல்லை. அவ்வளவுதான் காரணம். கிராண்ட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், என் பெயர் ஏறியதும் அப்படித்தான்.

ஒன்பது வருஷம் போர்ச்சில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. நீ ஷா ஆலம் தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, கை நன்றாகத் திருந்திய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை எடுத்தாய். பழைய இன்ஜினின் பிளாக்கில் ஒரு விரிசல். அது தேறாது என்றார் லிம். அவருக்கு மேரு போகும் சாலையில் ஒரு சிறு வொர்க்‌ஷாப். உன் அப்பாவின் காலத்திலிருந்தே பழக்கம். நீயும் அவரும் காப்பார் பக்கம் போய் ஒரு ஹாஃப் கட் வாங்கி வந்தீர்கள். ஜப்பானில் கழித்த காரை நடுவில் அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புகிறார்களே, அது. இறைச்சிக் கடைக்கு வந்த பாதி மாடு மாதிரி என் கேட்டுக்கு முன்னால் லோரியிலிருந்து இறங்கியது. அதிலிருந்து இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்து இந்த வெள்ளைக்காரனின் வயிற்றுக்குள் வைக்க நான்கு வருஷம் ஆயிற்று. நடுவில் இருந்த தகட்டை அறுத்தீர்கள், பிராக்கெட் வைத்து வெல்டிங் செய்தீர்கள், பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை லோரிப் பட்டறையில் கொடுத்துக் குறுக்கினீர்கள், பானெட் மூடவில்லை என்று அதில் ஒரு திமிலை எழுப்பினீர்கள். நான்கு வருஷம் என் போர்ச்சில் நான் துளசித் தொட்டி வைக்க இடம் இல்லை.

அந்த நான்கு வருஷமும் நான் உள்ளே உட்கார்ந்து விரதம் இருந்தேன் என்று உன் மாமனார் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கலாம். கொஞ்சம் கேட்டுக்கொள்ளட்டும். பழைய பாகங்களுக்கு இங்கிலாந்தில் இருந்த கடைகளுக்குக் கடிதம் எழுதியது நான். தவறான பிரேக் குழாயை அனுப்பிவிட்டு மழுப்பியவனுக்கு மூன்று கடிதம் எழுதி, மன்னிப்புக் கடிதத்தோடு சரியானதை வரவழைத்ததும் நான். கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த தையலில் இரண்டு இருக்கைகளுக்கும் உறை தைத்தேன். மெஷின் ஊசி ஏழு உடைந்தது. ஜப்பான் இன்ஜினுக்கு ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டிப் புத்தகம், நகலின் நகல், உனக்கு எங்கோ கிடைத்தது. லிம்முக்கு ஆங்கிலம் படிக்க வராது. உனக்குப் பொறுமை வராது. அதனால் நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிவரியாக வாசித்துத் தமிழிலும் மலாயிலும் சொல்லுவேன். "அக்கா பாச்சா, நான் பூசிங்" என்பார் லிம். நீங்கள் வாசியுங்கள், நான் திருகுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின.

பயிற்சிப் புத்தகம் என் ஏற்பாடு. ஒவ்வொரு வேலையும் ஒரு வரி. முடித்தவர் தன் கையால் டிக் போட வேண்டும். எங்கள் கான்வென்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் முட்டி போட வைப்பார், அத்தோடு முடிந்துவிடும். செய்யாததைச் செய்ததாகக் கையெழுத்து வைத்தால் ஒரு பருவம் முழுக்க அந்தப் பெண்ணோடு பேச மாட்டார். அந்தக் கண்டிப்பை நான் உன் போர்ச்சுக்குக் கொண்டு வந்தேன். நீ சலித்துக்கொண்டாய். "அம்மா, இது என்ன ஸ்கூலா?" என்றாய். ஆனால் போட்டாய். நான்கு வருஷத்தில் ஒரு பொய் டிக்கை நான் அந்தப் புத்தகத்தில் பார்த்ததில்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவேன்.

என் பக்கத்துத் தவறையும் எழுதிவிடுகிறேன். நீ வயரிங் போட்டபோது மூன்று தடவை பிடுங்க வைத்தேன். முதல் இரண்டு தடவை நியாயம். மூன்றாவது தடவை வேலை சரியாகத்தான் இருந்தது. கறுப்பு டேப் சுற்றியது கோணலாக இருந்தது, அவ்வளவுதான். லிம்முக்கு முன்னால், உன் அப்பா மாதிரியே நீயும் எதையும் முக்காலில் விடுகிறவன் என்றேன். நீ மறுபடியும் பிடுங்கினாய். லிம் தன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும். அது நான் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. முடிக்கவில்லை என்று என்னிடம் சொல்வதைவிட முடித்துவிட்டேன் என்று சொல்வது சுலபம் என்று அன்றைக்கு நீ கற்றுக்கொண்டிருக்கலாம். அது காரணமாக இருக்கலாம். சாக்காக இருக்க முடியாது. உனக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

இப்போது கல்யாண வாரத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை தானே கட்டிய காரில் மண்டபத்துக்கு வர வேண்டும் என்பது உன் ஆசை. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான்கு நாள் இருக்கும்போது இன்ஜினில் தண்ணீர் கசிவதைப் பார்த்தாய். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, அதற்கு அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாக வைக்க வேண்டும் என்றார் லிம். வைத்தீர்கள். திரும்ப மூடும்போதுதான் முக்கியம். பத்து போல்ட். ஒரேயடியாக இறுக்கக் கூடாது. நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் வெளியே போக வேண்டும், மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடுதல் இறுக்கம். அளவு வந்ததும் டக் என்று சொல்லும் ஒரு ஸ்பானர் லிம்மிடம் இருந்தது. நான் வாசித்தேன், நீ திருகினாய். முதல் சுற்று, பத்து டக், டிக் போட்டாய். இரண்டாவது சுற்று, பத்து டக், டிக். அப்போது கேட்டுக்கு வெளியே வேன் வந்து நின்றது. உன் அத்தை, சித்தப்பா வீட்டார், தாம்பாளங்கள். அன்று சாயங்காலம் உனக்கு நலங்கு வைப்பதாக இருந்தது. மழை வரும் போல இருக்கிறது என்று இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

கறுப்பு எண்ணெய்க் கையோடு நின்ற உன்னை அத்தை பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மஞ்சள் பூசிவிட்டால் மாப்பிள்ளை இரும்பைத் தொடக் கூடாது, வாசல் இறங்கக் கூடாது என்பது அவர் சட்டம். லிம் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு வேறு வண்டி காத்திருந்தது. ஒரு சுற்றுதானே, பையன் போட்டுவிடுவான் என்று அந்த ஸ்பானரைப் பெட்டியோடு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் உள்ளே வந்து உன்னிடம் சொன்னேன், மூன்றாவது சுற்று இருக்கிறது என்று. கன்னத்தில் மஞ்சளோடு தலையை ஆட்டினாய். மறுநாள் கேட்டேன். "முடிச்சிட்டேன்மா" என்றாய். எப்போது என்று கேட்டேன். "காலையில. எல்லாரும் தூங்கிட்டிருந்தப்ப." நான் நம்பினேன். போடவில்லை என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே போட்டிருப்பேன். எனக்கு மஞ்சள் பூசவில்லை. இரும்பைத் தொட எனக்குத் தடை இல்லை. என்னைத் தடுத்தது வேறு விஷயங்களிலிருந்து.

கல்யாணத்தன்று காலை போர்ச்சில் காருக்குப் பூசை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பானெட் திமிலின் மேல் மாலை. முந்தின நாளே அத்தை வந்து என்னிடம் சொல்லிவிட்டார்: "வண்டி கேட்டைத் தாண்டட்டும், அப்புறம் வெளிய வா. நல்ல காரியம், உனக்குத் தெரியாததா." என் வீடு. என் போர்ச். கிராண்ட்டில் என் பெயர். சரி என்றேன். உன் மகிழ்ச்சியில் சண்டை வேண்டாம் என்று சமையலறையில் நின்றேன். அங்கே சும்மா நிற்கத் தெரியாமல் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். முதல் சுற்று, டிக். இரண்டாவது சுற்று, டிக். மூன்றாவது சுற்று, வெற்றிடம். குளிர்சாதனப் பெட்டியின் மேல் லிம்மின் ஸ்பானர் பெட்டி. நான் வைத்த இடத்தில், நான் போட்ட ரப்பர் வளையத்தோடு அப்படியே இருந்தது.

அதனால்தான் வந்தேன். கூடத்தைக் கடந்து, வாசற்படி இறங்கி, காரின் எதிரே. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உன் பக்கத்து இருக்கையில் உன் மைத்துனன், மாப்பிள்ளையை அழைத்துப் போக வந்தவன். நான் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். "மூணாவது சுத்துக்கு டிக் இல்லையே" என்றேன். நீ புத்தகத்தைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். உனக்குக் காதில் விழுந்தது, புரிந்தது, உன் காது மடல் சிவந்தது. அது சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த அடையாளம். பிறகு சொன்னாய்: "அம்மா, உள்ள போங்க."

நான் போனேன். அதுதான் என் இரண்டாவது தவறு, பெரியது. கை நீட்டிச் சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். அங்கே நின்ற முப்பது பேரும் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று இருந்திருக்க வேண்டும். நீ ஓட்டப்போகும் வண்டி, நெடுஞ்சாலையில், பக்கத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளை. நான் மரியாதையைப் பார்த்தேன். ஏதாவது ஆகியிருந்தால் அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்?

நாங்கள் அரை மணி கழித்து வேனில் வந்தோம். நான் கடைசி இருக்கை. பத்து திகா என்ற ஊரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில், பட்டு வேட்டியும் மாலையுமாக நீ நிற்பதைப் பார்த்தேன். திறந்த பானெட்டிலிருந்து ஆவி. உன் மைத்துனன் ஓர் ஐஸ் லோரியை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தான். வேன் நின்றது. அவன் ஓடி வந்தான். "மச்சானுக்கே தெரியலையாம், திடீர்னு சூடு ஏறிடுச்சு" என்றான். நீதான் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறாய். உன் அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "தெரியறதுக்கு என்னப்பா இருக்கு? கிளம்பறப்ப அவ குறுக்க வந்தா. வேற என்ன ஆகும்?" வேனில் இருந்த அத்தனை பேரும் எனக்குக் கேட்காதது போல முன்னால் பார்த்தார்கள். நீ ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். என் முகம் உனக்குத் தெரிந்தது. நான் காத்திருந்தேன். இரண்டு வாக்கியம் போதும்: அம்மா மேல் தப்பில்லை, நான் ஒரு வேலையை முடிக்கவில்லை. நீ சொன்னது, "நேரம் ஆச்சு, போலாம்." வேனில் இடம் இல்லையென்று ஐஸ் லோரியில் ஏறிப் போனாய். முகூர்த்தம் முடியச் சில நிமிஷம் இருக்கும்போது தாலி கட்டினாய். நான் மண்டபத்தின் தூணுக்குப் பின்னால் இருந்து பார்த்தேன்.

அடுத்த வாரம் காரை லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த லிம், அந்த ஸ்பானரைப் பெட்டியிலிருந்து எடுத்து முதல் போல்ட்டில் வைத்தார். திருகினார். டக் வரவில்லை. இன்னும் திருகினார், கால் சுற்றுக்கு மேல் போன பிறகுதான் வந்தது. பத்தும் அப்படித்தான். பெரும்பாலும் மலாயில், கொஞ்சம் தமிழில் பேசுகிறவர் அன்று முழுத் தமிழில் சொன்னார்: "மூணாவது போடல." பிறகு கேட்டார், பையனுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் கையைத் துடைத்தார். "நான் தப்பு, அக்கா. அன்னிக்கு நான் போயிருக்கக் கூடாது." என் வயிற்றில் பிறக்காத, என் கடவுளைக் கும்பிடாத ஒரு மனிதர், தன் மேல் கால்வாசிகூட இல்லாத தவறுக்கு என் போர்ச்சில் நின்று மன்னிப்புக் கேட்டார். உன் அத்தை காய் வாங்கப் போகிற இடத்திலெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அதே வாரத்தில்.

நீ ஏன் பேசவில்லை என்று நிறைய யோசித்தேன். உன் மைத்துனன் முன்னால் வெட்கம், புது மாமனார், நான்கு வருஷ வேலை ஒரே காலையில் கேலியாகிவிடும் என்ற பயம், எல்லாம் புரிகிறது. ஆனால் வெட்கப்படுகிறவன் எல்லாம் தாயை முன்னால் தள்ளிவிட்டு அவள் பின்னால் ஒளிவதில்லை. அபசகுனம் என்ற அந்த மறைவிடம் உனக்குக் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. யார் வைத்தது என்று தேடினால் என்னிடம்தான் வந்து நிற்கிறது. உன் அக்காவின் கல்யாணத்தில் நான் மண்டபத்தின் சாமான் அறையில் வாழைத்தார்களோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் பூட்டவில்லை. சொல்வதற்கு முன் நானே போய் உட்கார்ந்தேன், அது கௌரவம் என்று நினைத்து. நீ ஒரு தட்டில் சாப்பாடு கொண்டுவந்தாய். "ஏம்மா இங்க இருக்கீங்க? வாங்க" என்றாய். "அது அப்படித்தான்" என்றேன். உனக்குப் பத்தொன்பது வயது, கோபமாக இருந்தாய், அந்தக் கோபத்தை நான்தான் அணைத்தேன். கட்டுமானத்தைப் பற்றி அவ்வளவு கண்டிப்பான நான், கோணலாகச் சுற்றிய டேப்புக்காக உன்னைத் திட்டிய நான், அந்த ஒரு கோணலை மட்டும் அப்படியே விட்டேன். அது அப்படித்தான் இல்லை. அது தப்பு. பதினொரு வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்.

உனக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. அப்பாவாகப் போகிறவனுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உன் வீட்டில் ஒரு பெண், அது உன் மனைவியோ மகளோ, உன் எதிரே வந்து எதையாவது காட்டினால், அவள் நிற்கிற இடத்தைப் பார்க்காதே, கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று பார். மற்ற புத்திமதிகளை உன் அத்தையிடம் கேட்டுக்கொள். அவரிடம் நிறைய இருக்கிறது.

இனி கார். இன்ஜின் நம்பர் மாற்றுவதற்கும் பெயர் மாற்றுவதற்கும் நான் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறேன் என்று நீ உன் மாமனாரிடம் சொல்லியிருக்கிறாய். அதுவும் தப்பு. இழுத்தடிக்கவில்லை, கார் ஓடும் நிலையில் இல்லை, அதனால் கொடுக்கவில்லை. லிம் ஹெட்டைச் சமப்படுத்தக் கொடுத்து வாங்கினார். புது கேஸ்கெட் வைத்தோம். இந்தத் தடவையும் நான் வாசித்தேன், அவர் திருகினார், இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றுக்கு ஸ்பானரை என்னிடம் நீட்டினார். ஒரு கால் பம்பர் மேல் வைத்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, பத்து போல்ட்டையும் நான் திருகினேன். பத்து டக். டிக் என் கையால் போட்டேன். போன ஞாயிறு லிம் அதை பந்திங் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார், நான் பக்கத்து இருக்கையில். சூட்டைக் காட்டும் ஊசி நடுவிலேயே நின்றது. அபசகுனம் என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து பெயர் வைத்த கை போட்ட வேலை அது. உனக்குப் பயமாக இருந்தால் கழற்றிப் பார்த்துக்கொள்.

இரண்டு படிவங்களும் என் கையெழுத்தோடு இந்த உறையில் இருக்கின்றன. சாவி லிம்மிடம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போ, என்னைக் கேட்க வேண்டாம். இதை முதலிலேயே கொடுத்துவிடுவது ஏன் என்றால், நான் கேட்கப்போவதைக் காருக்காகச் செய்தேன் என்று நீ உனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளக் கூடாது. இப்போது உனக்கு என்னிடம் வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

வளைகாப்புக்கு நான் பத்து மணிக்கு வருகிறேன். வளையல் போடுவதற்கு முன். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் வருகிறேன். இந்தத் தடவை உள்ளே போகச் சொன்னால் போக மாட்டேன். ஆனால் அந்த வாசலில் நான் எப்படி நிற்கப் போகிறேன் என்பது உன் கையில் இருக்கிறது. எல்லாரும் கடிதத்தைப் படித்திருப்பார்கள். ஒரு கிழவி சொல்வது மட்டும்தான் அதில் இருக்கும். நீ மறுத்தால் உன்னைத்தான் நம்புவார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

போன் செய்யாதே. போனில் நீ "முடிச்சிட்டேன்மா" என்று சொல்லக் கூடியவன். வாயால் என்னிடம் பொய் சொன்னாய். ஆனால் புத்தகம் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்திலேயே மூன்று நாள் கிடந்தது, பேனாவும் அதில் கட்டித் தொங்கியது. ஒரு கோடு இழுத்திருந்தால் நான் வெளியே வந்திருக்கவே மாட்டேன், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நீ இழுக்கவில்லை. உன்னிடம் இன்னும் நம்ப ஒன்று மிச்சம் இருக்கிறது என்றால் அந்த வெற்றிடம்தான். அதை நம்பித்தான் கேட்கிறேன்.

அந்தக் காலையில் என்ன நடந்தது என்று உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, எனக்கு அனுப்பு.

அம்மா